பேப்பர் கழிவில் மண்புழு உரம்: மச்சான் பணத்தைப் போடும் முன்

பெங்களூரு பீன்யாவில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு யூனிட் நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரிடம் தினமும் சுமார் 250 கிலோ கட்டிங் வேஸ்ட் விழுகிறது. அதைப் பழைய பேப்பர் வியாபாரி கிலோ 11 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார். அது போக, கம் காய்ந்து இறுகிய அட்டை, மழையில் நனைந்த ரீல் ஓரங்கள், தரையில் கூட்டி அள்ளுவது என்று நாளுக்கு 40 கிலோ அளவுக்கு யாரும் வாங்காத கழிவு. பிரிண்டிங் உருளைகளைக் கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் நிறச் சேறு மாதம் சில மூட்டை. இதையெல்லாம் மண்புழுவுக்குப் போட்டு உரமாக்கி, அபார்ட்மென்ட் மாடித்தோட்டக்காரர்களுக்கு 'ஆர்கானிக்' என்று விற்கலாம் என்பது திட்டம். ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்குப் பேசியாயிற்று. மச்சான் எட்டு லட்சம் போடத் தயாராக இருக்கிறார். பழைய பேப்பரை அரைத்து க்ராஃப்ட் காகிதம் (பெட்டிக்கான பழுப்புத் தாள்) செய்யும் மில் வைத்திருக்கும் நண்பர், மில் சேற்றை வாரம் பத்து டன் இலவசமாக அனுப்புகிறேன், லாரி வாடகையும் நானே கொடுக்கிறேன் என்கிறார். புழு விற்கும் ஒருவரோ, "எங்களிடம் புழு வாங்கினால் உரம் முழுவதையும் நாங்களே எடுத்துக்கொள்வோம்" என்று ஒப்பந்தம் நீட்டுகிறார். மிஞ்சும் உரத்தைத் தர்மபுரி பக்கம் அப்பாவின் மூன்று ஏக்கருக்கு அனுப்பும் எண்ணமும் இருக்கிறது. "புழு போட்டால் மையும் ரசாயனமும் தானாகச் சுத்தமாகிவிடும் என்கிறார்களே, சரிதானா? அனுமதி ஏதாவது வேண்டுமா? இறங்கலாமா?" என்று கேட்கிறார்.

வணக்கம். யாரும் வாங்காத அந்த 40 கிலோவைக் குப்பை லாரியில் ஏற்ற மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனசு இருக்கிற தொழில்காரர்கள் குறைவு. அதனால்தான் இந்தத் திட்டத்தில் எது நடக்கும், எது நடக்காது, எது உங்களையும் அப்பாவின் நிலத்தையும் பாதிக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன்.

முதலில் அடிப்படைக் கேள்வி. மண்புழு பேப்பரைத் தின்னுமா? தின்னும். பேப்பர் என்பது மரநார்தானே. ஈரமாகி, நுண்ணுயிர்கள் ஏறி, மெத்தென்று ஆன பிறகு புழு அதை விரும்பியே சாப்பிடும். காகித ஆலைச் சேற்றையும் பால் பண்ணை ஆலைச் சேற்றையும் மாட்டு எருவோடு கலந்து புழு வளர்த்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு 1998-லேயே வெளியாகிவிட்டது. மண்புழு உரத்துக்கு உங்கள் ஊரே பெரிய பள்ளிக்கூடம். ஜிகேவிகே வளாகத்து வேளாண் பல்கலைக்கழகத்தில் ராதா காளே இதை 1980-களிலேயே ஆராய்ந்து, விவசாயிகளிடம் கொண்டுபோனவர். ஆகவே யோசனை புதியதும் இல்லை, தவறானதும் இல்லை. சிக்கல் எல்லாம் எந்தப் பேப்பர், எதோடு கலந்து, எவ்வளவு என்பதில்தான்.

நல்ல பேப்பரைப் புழுவுக்குப் போடாதீர்கள்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். அந்த 250 கிலோ கட்டிங் வேஸ்ட் மறுபடி பேப்பராக வேண்டியது. காகித நாரை ஐந்து முதல் ஏழு தடவை வரை அரைத்துத் திரும்பக் காகிதமாக்கலாம். ஒவ்வொரு தடவையும் நார் குட்டையாகி, கடைசியில்தான் எதற்கும் உதவாத நிலைக்கு வரும். இன்னும் ஆயுள் இருக்கிற நாரைப் புழுவுக்குக் கொடுத்தால், அதற்குப் பதிலாகப் புது நார் எங்கிருந்தோ வர வேண்டியிருக்கும். காசுக் கணக்கிலும் நஷ்டம்தான். இன்று எந்த வேலையும் இல்லாமல் கிலோவுக்கு 11 ரூபாய் வருகிறது. அதையே சாணம் வாங்கி, ஆள் வைத்து, மூன்று மாதம் காத்திருந்து உரமாக்கினால், மொத்த விலையில் கிலோ எட்டு, பத்துக்குப் போவதே கஷ்டம். புழுவுக்குப் போக வேண்டியது மறுசுழற்சிக்குத் தகுதி இழந்த அந்த 40 கிலோ மட்டுமே. அதிலும் எல்லாம் இல்லை, கீழே சொல்கிறேன்.

சாணக் கணக்கு

இந்தத் திட்டம் பற்றி உங்களுக்கு யோசனை சொன்ன யாருமே இந்தக் கணக்கைக் காட்டியதாகக் கடிதத்தில் தெரியவில்லை. 'கொஞ்சம் சாணம் தெளித்தால் போதும்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். போதாது.

புழுவும் அதற்கு உணவைப் பக்குவம் செய்யும் நுண்ணுயிர்களும் வளர கார்பனும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். தொடக்கக் கலவையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை நன்றாக நடக்கும். காகிதத்தின் கார்பன் மெதுவாகத்தான் அவிழும் என்பதால் 40 வரைகூடச் சமாளிக்கலாம். மாட்டுச் சாணத்தில் இந்த விகிதம் 20-25. நடுவில் அலைமடிப்பு உள்ள காரகேட்டட் அட்டையிலோ 500-ஐ ஒட்டி நிற்கிறது. கிட்டத்தட்ட நைட்ரஜனே இல்லாத பொருள் அது.

இதை எடையாக மாற்றிப் பாருங்கள். காய்ந்த அட்டை 100 கிலோவுக்கு, விகிதத்தை 40-க்குக் கொண்டுவரவே 600 கிலோவுக்கு மேல் பச்சைச் சாணம் வேண்டும். 30-க்குக் கொண்டுவர ஒன்றரை டன் வேண்டும். பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால்தான் எடை இப்படி ஏறுகிறது. ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போடும் என்று வைத்தால், உங்கள் 40 கிலோவுக்கே 25 மாடு கட்டிய தொழுவம் தினமும் வேண்டும். 250 கிலோவையும் சேர்த்தால் 180 மாடு வேண்டியிருக்கும். ஆனேக்கல் பக்கம் பால் மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கும் வயல் இருக்கிறது, சாணத்துக்கு விலையும் இருக்கிறது.

சாணத்தின் ஒரு பகுதிக்கு மாற்று இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் காய்கறி, பூக் கழிவு எடுக்கலாம். ராமநகரம் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் கிடைக்கும் புழு எச்சமும் தின்று மிஞ்சிய மல்பெரி இலையும் நைட்ரஜன் நிறைந்தவை. பெங்களூரில் பீர் காய்ச்சும் பப்கள் ஏராளம். அவற்றின் வடித்த தானியச் சக்கையும் நல்ல சரக்கு, ஆனால் மாட்டுத் தீவனத்துக்கு எடுப்பவர்கள் முந்திக்கொள்வார்கள். கோழி எருவில் நைட்ரஜன் அதிகம், சாணத்தைவிடக் குறைவாகவே போதும். ஆனால் அமோனியா வாடையும் உப்பும் புழுவைக் கொன்றுவிடும் என்பதால் தனியாக மட்க வைத்த பிறகே சேர்க்க வேண்டும். யூரியா கரைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கப்புறம் 'ஆர்கானிக்' என்று பையில் எழுதும் யோக்கியதை போய்விடும்.

நைட்ரஜன் போதாமல் செய்த உரம் பார்க்கக் கறுப்பாகவே இருக்கும். ஆனால் உள்ளே பாதி வெந்த காகிதநார் கிடக்கும். செடித்தொட்டியில் போட்டதும் அது மீதி மட்குவதற்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். மாடித்தோட்டத்துத் தக்காளி வெளிறி மஞ்சளாகும். வாங்கியவர் மறுபடி உங்களிடம் வரமாட்டார்.

மை, கம், சேறு: புழுவால் முடியாதது

"தானாகச் சுத்தமாகிவிடும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மட்கக்கூடிய கரிமப் பொருள்கள் பலவற்றைப் புழுவும் நுண்ணுயிரும் சேர்ந்து சிதைத்துவிடும். காரீயம், கேட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களை எந்தப் புழுவாலும் அழிக்க முடியாது. கொஞ்சத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கலவை மட்கும்போது கார்பன் காற்றில் போய், காய்ந்த எடை பாதியாகக் குறைகிறது. உலோகம் போவதில்லை. குழம்பு சுண்டினால் உப்புக் கரிப்பதைப் போலத்தான். கலவையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் காரீயம் இருந்தால் உரத்தில் 120 ஆகிவிடும். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம் காரீயம். கேட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50.

இதை வைத்து உங்கள் கழிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நனைந்த, அச்சில்லாத க்ராஃப்ட் ஓரங்களைத் தாராளமாகப் போடலாம். கறுப்பு மையில் கொஞ்சம் எழுத்து இருந்தாலும் பெரிதாகப் பயப்பட வேண்டாம். பெரிய பரப்பில் மஞ்சள், சிவப்பு, பச்சை அடித்த அட்டையைத் தனியாக ஒதுக்குங்கள். மை கொடுப்பவரிடம் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பு லேமினேஷன், பிளாஸ்டிக் டேப், ஸ்டேப்பிள் பின், பேப்பர் கப், பில் மெஷின் தாள் எதுவும் உள்ளே போகவே கூடாது. பிளாஸ்டிக் பூச்சைப் புழு தின்னாது. துண்டு துண்டாகி உரத்தோடு மண்ணுக்குப் போகும்.

கம் இறுகிய அட்டைக்கு ஒரு தனி எச்சரிக்கை. காரகேஷன் கம் வெறும் ஸ்டார்ச்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஸ்டார்ச்சில் காஸ்டிக் சோடாவும் போராக்ஸும் கலப்பது உங்கள் தொழிலில் வழக்கம். போராக்ஸில் இருப்பது போரான். செடிக்கு அது துளி வேண்டும், கொஞ்சம் கூடினாலும் இலை நுனி கருகும். சாதாரண அட்டையில் ஒட்டியிருக்கும் அளவு பெரிதில்லை. கட்டி கட்டியாகக் கம் காய்ந்ததை மட்டும் சேர்த்தால் சிக்கல் வரலாம். போரானுக்கு மேலே சொன்ன வரம்புப் பட்டியலில் இடமில்லை, அதனால் லேப் தானாகச் சோதிக்காது. நீங்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும்.

உருளை கழுவிய நிறச் சேற்றை எந்தக் காரணத்துக்காகவும் புழுவுக்குப் போடாதீர்கள். மை உபயோகிக்கும் தொழில்களின் கழிவுச் சேறும், ரசாயனம் போட்டுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது வரும் சேறும் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கின்றன. அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மை துடைத்த துணிக்கும் இதே விதிதான்.

நண்பரின் மில் சேறு விஷயத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். நார் நல்லபடியாக இருக்கும் சேற்றுக்கு முட்டைத் தட்டு, மில் போர்டு செய்பவர்களிடம் விலையே உண்டு. லாரி வாடகையும் கொடுத்து அனுப்புகிறேன் என்றால், அவர்கள் எடுக்காத சேறாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பேப்பர் மில் சேற்றில் பிளாஸ்டிக் துணுக்கு, பின், ஒட்டுப் பசை, பல ஊர் மை, களிமண், சுண்ணாம்பு எல்லாம் வரும். களிமண்ணும் சுண்ணாம்பும் கூடினால் உரத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச 18 சதவீத ஆர்கானிக் கார்பனே தேறாமல் போகலாம். குளோரின் கொண்டு வெளுக்கும் மில்லாக இருந்தால், குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள் உள்ள சேறு அபாயகரப் பட்டியலில் வந்துவிடும். க்ராஃப்ட் மில் பொதுவாக வெளுப்பதில்லை. ஆனாலும் நண்பர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. வாரியத்திடம் அவர் வாங்கிய அனுமதிப் பத்திரத்தில் அந்தச் சேறு என்ன வகையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது, எங்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்பதை நகல் வாங்கிப் படியுங்கள். அவர் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

தயவுசெய்து இந்தச் சேற்று உரத்தைச் சோதிக்காமல் அப்பாவின் நிலத்துக்கு அனுப்பாதீர்கள். தொட்டி மண்ணைக் கொட்டி மாற்றலாம். மூன்று ஏக்கரில் ஏறிய உலோகத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உரத்தோடு புழுவும் போய் நிலத்தை உழுதுவிடும் என்று எண்ணுகிறீர்கள். உரத்தொட்டியில் வளரும் ஆப்பிரிக்கப் புழுவும் சிவப்புப் புழுவும் குப்பையின் மேல்பரப்பில் வாழ்பவை. வெறும் வயல் மண்ணில் அவை நிலைக்காது. வயலை உழும் நாட்டுப் புழு வேறு; இலைதழை மூடாக்கும் ஈரமும் இருந்தால் அது தானாக வரும்.

சட்டம் எங்கே குறுக்கிடும்

உங்கள் யூனிட் கழிவை நீங்களே மட்கவைத்துச் சொந்தத் தோட்டத்துக்குப் போடுவது ஒன்று. பையில் அடைத்து 'மண்புழு உரம்' என்று விற்பது வேறு. விற்பனைக்கு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை பொருந்தும். ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம், தழைச்சத்து குறைந்தது 1 சதவீதம் என்று அதில் தர அளவுகள் உண்டு. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த ஆணை என்பதால் மீறினால் சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம். மாவட்ட வேளாண்மைத் துறை அலுவலகத்தில், உங்கள் அளவுக்கு என்னென்ன பதிவும் சான்றும் வேண்டும், சிறு உற்பத்தியாளருக்குத் தளர்வு ஏதும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஆனேக்கல் விவசாய நிலம் என்றால், வெளியிலிருந்து தொழிற்சாலைக் கழிவு கொண்டுவர நிலப் பயன்பாட்டு விதி இடம் கொடுக்கிறதா என்பதையும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மில் சேறு அபாயகர வகையில் வந்தால், அதை உபயோகிக்க கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். ஒசூர் எல்லை தாண்டி உபயோகத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு மாநில வாரியங்களுக்கும் தெரிவித்தாக வேண்டும். நாளை பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினால், 'நண்பர் இலவசமாகக் கொடுத்தார்' என்பது உங்களைக் காப்பாற்றாது. கழிவு எந்த நிலத்தில் கிடக்கிறதோ அங்கேதான் முதலில் வருவார்கள்.

ஒப்பந்தமும் மச்சான் பணமும்

'உரம் முழுவதையும் நாங்களே எடுத்துக்கொள்வோம்' என்ற ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது, எந்தத் தரம், எத்தனை நாளுக்குள், எடுக்காவிட்டால் நஷ்டஈடு எவ்வளவு என்ற மூன்றையும்தான். நீங்கள் அனுப்பிய நகலில் மூன்றும் இல்லை. 'நிறுவனத்தின் தரத்துக்கு உட்பட்டு' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. அந்த வரியை வைத்து எந்த லோடையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவர்கள் லாபம் உங்களுக்குப் புழு விற்பதோடு முடிந்துவிடுகிறது. புழுவோ, சரியான உணவும் ஈரமும் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தானே பெருகும். இரண்டு கிலோ வாங்கித் தொடங்கினாலே போதும்.

வரவைப் பாருங்கள். 40 கிலோ அட்டையும் 250 கிலோ சாணமும் சேர்ந்தால், காய்ந்து சலித்து நாளுக்கு 60 கிலோ சொச்சம் உரம் கிடைக்கும். வேலை நாள்களை வைத்துப் பார்த்தால் மாதம் ஒன்றரை டன். மொத்த விலை கிலோ பத்து என்றே வைத்தாலும் மாதம் 15,000 ரூபாய். ஒரு ஆள் சம்பளமே இதைத் தாண்டும். மாடித்தோட்டக்காரர்களுக்குச் சிறு பையாக விற்றால் விலை கூடும். ஆனால் பை, லேப், டெலிவரி எல்லாம் உங்கள் தலையில். எட்டு லட்சத்துக்கு வட்டி கட்டும் தொழில் இதில் எனக்குத் தெரியவில்லை. கழிவை ஒழுங்காகத் தீர்க்கும் வழியாகப் பார்த்தால் அருமையான வேலை. மச்சானிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். குடும்பத்துக்குள் பணம் போட்டு நஷ்டம் வந்தால் அது பணத்தோடு நிற்காது.

எப்படித் தொடங்கலாம்

குத்தகையை நிறுத்தி வையுங்கள். யூனிட்டின் பின்பக்கம் நிழல் உள்ள இடத்தில் 12 அடிக்கு 4 அடி சில்பாலின் (தடித்த பிளாஸ்டிக் விரிப்பு) தொட்டி இரண்டு போதும். அச்சில்லாத ஈர அட்டையை உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, ஒரு நாள் ஊறவைத்து, சாணத்தோடு கலந்து குவியுங்கள். தாளாக அப்படியே போட்டால் ஒட்டிக்கொண்டு காற்றுப் போகாமல் நாறும். குவியல் முதலில் கொதிக்கும். இரண்டு மூன்று வாரம் புரட்டி, சூடு முழுக்க அடங்கிய பிறகுதான் புழுவை விட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம் இருந்தால் சரி. பெங்களூரு தட்பவெப்பம் புழுவுக்கு இதமானது. எறும்பு, எலி, கனமழை, இவைதான் எதிரி. இந்தக் கலவை மட்க இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும்.

எதைப் போடலாம் என்று சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒரு டப்பாவின் ஒரு பாதியில் வெறும் மட்கிய சாணம், மறுபாதியில் சந்தேகக் கலவை. நடுவில் பத்துப் புழுவை விட்டு மூடி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். எல்லாம் சாணப் பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தக் கழிவு வேண்டாம். ஆனால் புழு உயிரோடு இருப்பதாலேயே உலோகம் இல்லை என்று ஆகாது. புழு தாங்கும், கீரை சாப்பிடும் குழந்தை தாங்காது. முதல் அறுவடையில் இரண்டு கிலோவை என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பி, நான்கு உலோகங்கள், போரான், கார்பன் – நைட்ரஜன் விகிதம் (20-க்குக் கீழே வர வேண்டும்), உப்பின் அளவு எல்லாம் பாருங்கள். கூடவே இரண்டு சிறு தொட்டியில் பச்சைப்பயறும் முள்ளங்கியும் போட்டு முளைப்பைக் கவனியுங்கள்.

அந்த அறிக்கை சரியாக வந்தால், அப்பாவின் நிலத்தில் ஒரு மூலையில் ஒரு பாத்திக்கு மட்டும் போட்டு ஒரு போகம் பாருங்கள். வேளாண்மைத் துறைக்கு எழுதும் கடிதத்தோடும் அதே அறிக்கையை இணைக்கலாம். அடுத்த கடிதம் எழுதும்போது லேப் எண்களையும் நண்பரின் மில் அனுமதிப் பத்திரத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அவற்றை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.